தொழுவத்து நுண்ணுயிர்களும் புதுச்சேரியின் பாலும்

புதுச்சேரியில் மனிதருக்கான மருத்துவப் பள்ளி பிரெஞ்சு ஆட்சியில் 1823ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. கால்நடைகளுக்கான மருத்துவக் கல்லூரியோ ஊரின் மேற்கே குரும்பாபேட்டில் 1994இல்தான் வந்தது. இடைப்பட்ட நூற்றெழுபத்தோர் ஆண்டுகளில்தான் நுண்ணுயிரியல் என்னும் அறிவுத்துறையே பிறந்து வளர்ந்தது. அதை வளர்த்த நாடுகளுள் முன்னணியில் நின்ற பிரான்சின் கொடிதான் அவ்வாண்டுகளில் பெரும்பகுதியும் இவ்வூரில் பறந்தது. ஆயினும் கறவை மாட்டின் மடியிலும் சாணத்திலும் ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியிலும் தங்கி, மாட்டையும் மனிதரையும் ஒருசேரப் பிடிக்கும் பாக்டீரியாக்களைப் பற்றிய அறிவு இங்குள்ள தொழுவங்களை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. வந்தபோதும் அது முதலில் பாலைக் குடிப்பவருக்கு அரணாயிற்று. பாலைக் கறப்பவர் அந்த அரணுக்கு வெளியிலேயே நின்றார். இந்த வேறுபாடு புதுச்சேரிப் பாலின் வரலாறு நெடுகிலும் காணப்படுகிறது.

பிரெஞ்சுப் புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கடலை ஒட்டிய கிழக்குப் பகுதியில் ஐரோப்பியரும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழரும் வாழ்ந்தனர். இரு பகுதிகளையும் சுற்றி முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு போன்ற புறநகர்களும், அவற்றுக்கு அப்பால் வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் பகுதிகளின் உழவுச் சிற்றூர்களும் இருந்தன. குளிரூட்டும் வசதி இல்லாத காலத்தில் தென்னிந்திய நகரங்களில் பரவலாக இருந்த ஒரு வழக்கம், மாட்டையும் கன்றையும் வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து வீட்டார் கண்ணெதிரில் கறந்து கொடுப்பதாகும். கன்று இறந்துவிட்டால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துச் செய்த கன்றை மாட்டின் முன் நிறுத்தி, அதை நக்கவிட்டுப் பால் சுரக்கச் செய்வர். தண்ணீர் கலவாத பாலைப் பெறுவதே வாசலில் கறக்கச் சொல்வதன் நோக்கம். ஆனால் யாரும் எண்ணாத மற்றொரு பயனும் அதில் இருந்தது. முப்பது பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பாலில் உள்ள பாக்டீரியாக்களுள் சில அரை மணிக்கு ஒருமுறையோ அதற்கும் குறைந்த நேரத்திலோ இரட்டிப்பாகிக்கொண்டே போகும். கறந்த சில நிமிடங்களில் அடுப்பேறிய பாலில் அவை பெருகுவதற்குக் காலம் கிடைக்கவில்லை.

அந்த அடுப்புதான் ஊரின் முதற்பெரும் நோய்த்தடுப்பு. பாலைப் பொங்கி வரும்வரை காய்ச்சுவதும், மறுவேளைக்கு மீண்டும் காய்ச்சுவதும், மிஞ்சியதை வெதுவெதுப்பாக ஆற்றி உறைமோர் ஊற்றித் தயிராக்குவதும் தமிழ் வீடுகளின் அன்றாட ஒழுங்காக இருந்தன. கொதிநிலை காசநோய்க் கிருமியையும், சினை மாட்டைக் கருச்சிதையச் செய்யும் கன்று வீச்சுக் கிருமியையும் கொல்லும்; உறைந்த தயிரிலுள்ள லாக்டிக் அமிலம், தப்பிவந்த பிற கிருமிகள் பலவற்றின் பெருக்கத்தை அடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் பச்சைப் பாலை அப்படியே பருகும் வழக்கம் பரவலாக இருந்ததால், மாட்டின் காசநோய் பாலின் வழியே குழந்தைகளின் கழுத்துக் கணுக்களையும் குடலையும் தாக்கியது. மதுவைக் கெடாமல் காக்க லூயி பாஸ்டர் 1860களில் கண்ட மிதவெப்ப முறை பாலுக்கும் கட்டாயமாக்கப்படுவதற்கு அங்கே பெரும் போராட்டம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டுச் சமையலறைக்கு அந்தப் போராட்டம் தேவைப்படவில்லை என்பது பெருமைக்குரிய செய்தியே. ஆனால் அடுப்பின் எல்லை பாத்திரத்தோடு முடிந்தது; தொழுவத்தின் தரைக்கோ, கறப்பவரின் கைக்கோ, மாடு ஈனும்போது கன்றை இழுத்துப் போடுபவரின் மூச்சுக்கோ அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

தொழுவத்து நோய்களுள் மிகப் பழைய அச்சத்தைத் தந்தது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்). முதல்நாள் மாலை வரை நன்றாக மேய்ந்த மாடு காலையில் வயிறு உப்பி விறைத்துக் கிடக்கும். வாய், மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கருங்குருதி கசியும். இதற்குக் காரணமான கோல் வடிவப் பாக்டீரியத்தின் வாழ்க்கைச் சுழற்சியை 1876இல் ராபர்ட் காக் விளக்கினார். 1881ஆம் ஆண்டில் புய்யி-லெ-ஃபோர் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரில் பாஸ்டர் ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் தடுப்பூசி இட்டுப் பொதுமக்கள் முன்னிலையில் அதன் பயனை மெய்ப்பித்துக் காட்டினார். அடைப்பானைப் பற்றிய தம் ஆய்வுகளில் அவர் கவனித்த மற்றொரு செய்தி தொழுவச் சூழலைப் பொறுத்தவரை இன்னும் முக்கியமானது. இறந்த மாட்டைப் புதைத்த நிலத்தில் இக்கிருமி தடித்த உறை பூண்ட வித்துகளாக மாறிப் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதும், மண்புழுக்களும் உழவும் வெள்ளமும் அவ்வித்துகளை மேலே கொணர, அங்கே மேயும் மாடு மீண்டும் நோயுறும் என்பதும் அதனால் விளங்கின. பிரெஞ்சு உழவர்கள் இத்தகைய வயல்களைச் சாபம் பிடித்தவை என்று ஒதுக்கிவந்ததற்கு இதுவே விளக்கமாயிற்று.

புதுச்சேரியில் இந்நோயைத் தடுப்பதற்கு நிலஅமைப்பே ஓர் இடையூறாக இருந்தது. 1816இல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்த புதுச்சேரி ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பாக இல்லை. பிரிட்டிஷாரின் தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு இடையிடையே துண்டுதுண்டாகக் கிடந்தது. ஒரே மேய்ச்சல் வெளியின் ஒரு மூலை ஓர் அரசுக்கும் மறு மூலை மற்றோர் அரசுக்கும் உரியதாக இருக்க, சென்னை மாகாணம் 1866இல் இயற்றிய கால்நடை நோய்ச் சட்டம் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். மாடும் நோயும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

அடைப்பானால் இறந்த மாட்டைத் திறக்காமல் ஆழப் புதைக்க வேண்டும் என்பதே நோய்த்தடுப்பின் முதல் விதி. உடலைக் கிழித்தால் கிருமி காற்றோடு கலந்து வித்தாக மாறுகிறது. ஆனால் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் தோலுரிப்பதும் சாதிக் கடமையென்று தலித் மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தன. ஊதியமாக அந்தத் தோலும் இறைச்சியுமே அவர்களுக்கு விடப்பட்டன. ஆகவே பால் குடித்தவரை நெருங்காத கிருமி, பால் குடிக்க வாய்ப்பே இல்லாதவரின் கைக்கீறல் வழியே ஏறியது. கருகிய நடுவும் வீங்கிய விளிம்பும் கொண்ட, வலியற்ற புண் அதன் முதல் அடையாளம். கிருமி குருதியில் கலந்து மூளையுறையைத் தாக்கினால் பிழைப்பது அரிது. இந்தத் துன்பம் பழங்கதையாகவும் முடிந்துவிடவில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டியும் மனித அடைப்பான் நோயைப் பற்றி எழுதி, அதைத் தடுக்க உடனடி நடவடிக்கை வேண்டுமென்று வலியுறுத்த நேர்ந்தது. சாதி சுமத்திய தொழிலே இந்நோயின் வழியாக இருந்தது என்பதைச் சொல்லாமல் அடைப்பானின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

பாஸ்டரின் மாணவர்கள் உலகெங்கும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் ஆய்வுக்கூடங்களை நிறுவினர். அல்பேர் கால்மெத் 1891இல் சைகோனிலும், அலெக்சாண்டர் யெர்சின் 1895இல் நியா சாங்கிலும் நிறுவியவை அவற்றுள் புகழ்பெற்றவை. யெர்சினின் ஆய்வுக்கூடத்தில் மாட்டு நோய்களுக்கே முதலிடம் தரப்பட்டது. புதுச்சேரிக்கு அத்தகைய பாஸ்டர் நிறுவனம் ஒன்று வாய்க்கவில்லை. பரப்பில் சிறியதும் அரசியலில் முதன்மை இழந்ததுமான ஒரு குடியேற்றத்தில் மாட்டுக்காக ஆய்வுக்கூடம் கட்டப் பாரிசு முன்வராததில் வியப்பில்லை. ஆனால் கால்மெத்தின் பிற்காலப் பணி வேறொரு வழியில் இவ்வூருக்கும் வந்து சேர்ந்தது. எத்மோன் நொகார் என்னும் கால்நடை மருத்துவர் காசநோய் பிடித்த ஒரு பசுவின் மடிப்பாலிலிருந்து பிரித்தெடுத்த கிருமியைக் கால்மெத்தும், கால்நடை மருத்துவரான காமிய் கெரேனும் 1908 முதல் மாட்டுப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் தொடர்ந்து வளர்த்து, 230 முறை இடம் மாற்றி, 1921இல் வீரியம் குன்றிய பி.சி.ஜி. தடுப்பு மருந்தாக்கினர். இந்தியாவில் 1948இல் பி.சி.ஜி. இடும் பணி தொடங்கியது. அவ்வாண்டிலேயே சென்னை கிண்டியில் அதன் உற்பத்தியும் தொடங்கிற்று. இன்று புதுச்சேரியில் பிறக்கும் குழந்தையின் தோளில் விழும் தழும்பு ஒரு பிரெஞ்சுப் பசுவின் நோயுற்ற மடியிலிருந்து வந்ததாகும். மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் கைகோத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடம் வராத தொழுவம் அறிவே இல்லாத இடமாக இருந்தது என்று கொள்ளக் கூடாது. மாட்டு வாகடம் எனப்படும் ஓலைச்சுவடி நூல்கள் நோய்களைக் குறிகளால் பிரித்தறிந்து மருந்து சொல்லின. அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், மடிநோய், கன்று வீச்சு என்று வழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் நோய் எங்கே எப்படித் தோன்றுகிறது என்ற கூர்ந்த நோக்கிலிருந்து பிறந்தவை. மழைக்காலத்தில் கழுத்து வீங்கி மூச்சுத் திணறி மாடு சாகும் தொண்டை அடைப்பானும், தொடைத் தசை வீங்கி அழுத்தினால் நொறுநொறுக்கும் சப்பை நோயும் வெவ்வேறு பாக்டீரியாக்களால் வருபவை என்பதை ஆய்வுக்கூடம் உறுதிப்படுத்தியபோது, அவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது மாடு மேய்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மருந்தில்தான் குறை. சூடு போடுவதாலோ பச்சிலைச் சாற்றாலோ சில மணி நேரத்தில் கொல்லும் பாக்டீரியத்தைத் தடுக்க முடியவில்லை. இந்நோய்களுக்கான தடுப்பூசிகள் இப்பகுதிக்குக் கிடைத்தது, சென்னையில் 1932இல் தொடங்கி 1948இல் இராணிப்பேட்டைக்கு இடம்பெயர்ந்த கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் போன்றவற்றின் உற்பத்தி பெருகிய பிறகே.

நஞ்சுக்கொடி தொடர்பான வழக்கம் இங்கே தனியே கருதத் தக்கது. பசு ஈன்று சில மணி நேரத்தில் விழும் நஞ்சை வைக்கோலில் சுற்றிப் பழஞ்சாக்கில் கட்டி, ஆலமரக் கிளையில் உயரத் தொங்கவிடுவது தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றின் வழக்கமாகும்; பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாயும் நரியும் நஞ்சைத் தின்று ஊரெங்கும் இழுத்துச் செல்வதை அது தடுத்தது என்ற அளவில் அவ்வழக்கம் நன்மையே செய்தது. எனினும் நஞ்சை ஏந்திச் சுற்றிக் கட்டியது வெறுங்கை. கன்று வீச்சுக்குக் காரணமான புரூசெல்லா பாக்டீரியம் மிகுந்து திரள்வது சினை மாட்டின் நஞ்சில்தான். அதே நஞ்சில் கோடிக்கணக்கில் பெருகும் காக்சியெல்லா என்னும் மற்றொரு பாக்டீரியம் உலர்ந்த பின்னும் சாகாமல் தூசியாகிக் காற்றில் பறந்து மூச்சு வழியே மனிதரைப் பிடிக்கும்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் வந்ததை ஒட்டிப் பால் வணிகத்தின் அமைப்பே மாறியது. 1950களின் நடுவில் தோன்றிய கூட்டுறவுப் பால் வழங்கு சங்கம் பின்னர் உற்பத்தியாளர் ஒன்றியமாக வளர்ந்து, பாண்லே என்ற பெயரில் ஊரின் காலைப் பாலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வாசலில் ஒரு மாட்டின் பாலை ஒரு வீடு வாங்கிய நிலை போய், பல நூறு மாடுகளின் பால் ஒரே தொட்டியில் கலந்து பல்லாயிரம் வீடுகளுக்குச் சென்றது. நோயுற்ற ஒரு மடியின் பால் இப்போது எல்லாப் பாலோடும் கலக்கும். ஆகையால் கண்காணிப்பும் இதுவரை இல்லாத அளவுக்குத் தேவைப்பட்டது.

அக்கண்காணிப்பின் கருவிகளுள் ஒன்று பால்பண்ணை ஆய்வுக்கூடங்களில் வழங்கிவரும் மெதிலீன் நீலச் சோதனை. பத்து மில்லி லிட்டர் பாலில் ஒரு மில்லி லிட்டர் நீலச் சாயக் கரைசலை விட்டு, சோதனைக் குழாயை அடைத்து, 37 பாகை செல்சியஸ் நீர்த்தொட்டியில் நிறுத்துவர். பாலில் உள்ள பாக்டீரியாக்கள் மூச்சுவிட்டு உயிர்வளியைத் தீர்க்கத் தீர்க்க நீலம் வெளுத்துப் பால் தன் நிறத்துக்குத் திரும்பும். ஐந்து மணி நேரத்துக்கு மேலும் நீலம் நின்றால் அது மிக நல்ல பால். அரை மணிக்குள் வெளுத்தால் அதில் பாக்டீரியா மலிந்துவிட்டது என்று பொருள். பிறகு பாலை 72 பாகையில் பதினைந்து விநாடி வைத்து உடனே குளிர்விப்பர். இந்த அளவுகளின் பின்னணியும் தொழுவத்து நோய்களின் வரலாறே. முதலில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் அளவுக்கு வகுக்கப்பட்ட வெப்பநிலை, காக்சியெல்லா அதைவிடச் சற்று மிகுந்த வெப்பத்தைத் தாங்கும் என்று தெரியவந்ததும், அரை மணி நேர முறையில் அமெரிக்காவில் 1956இல் 63 பாகைக்கு உயர்த்தப்பட்டது. வெப்பமூட்டல் முறையாக நடந்ததா என்பதைப் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியைக் கொண்டு சோதிப்பர். பாலில் இயல்பாக உள்ள அந்நொதி காசநோய்க் கிருமி சாகும் வெப்பத்தைக் கடந்த பின்னரே அழிவதால், அது எஞ்சியிருந்தால் கிருமியும் எஞ்சியிருக்கலாம்.

குடிப்பவருக்கான அரண் இவ்வாறு முழுமை பெற்ற அதே காலத்தில் தொழுவத்தின் நிலை ஒரு வகையில் கடினமாயிற்று. பால் பெருக்கத்துக்காக ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இனங்களின் விந்தைக் கொண்டு கலப்பினப் பசுக்கள் பரப்பப்பட்டன. உழவுக்கும் வெயிலுக்கும் பழகிய நாட்டு மாட்டின் சிறு மடியைப் போலன்றிக் கலப்பினப் பசுவின் பெருமடி தாழத் தொங்கும். அது படுக்கும்போது சாணமும் மூத்திரமும் ஈரமும் நேரே காம்பில் படும். மாட்டுக் காசநோயும் இவ்வினங்களை எளிதில் பற்றியது. வடகிழக்குப் பருவமழை பொழியும் ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரித் தொழுவங்களின் தரை காய்வதே இல்லை. மடிநோய் மிகுவதும் அப்போதுதான்.

மடிநோயின் இயக்கம் விளக்கமாகச் சொல்லத் தக்கது. பாக்டீரியாவும் கறப்பவரின் கையும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அது. ஸ்டைபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் ஒரு மாட்டின் மடியிலிருந்து மற்றொன்றுக்குக் கறப்பவரின் விரல் வழியே செல்பவை; ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவை சாணத்திலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் ஏறுபவை. கட்டைவிரலை மடக்கிக் காம்பை அழுத்திக் கறக்கும் பழக்கம் காம்பின் உட்சுவரைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறக்கிறது. முழுக் கையால் பிடித்துக் கறப்பதே நல்லது. கறந்து முடித்த பின் ஏறக்குறைய அரை மணி நேரம் காம்புத் துளை மூடாமல் இருக்கும்; அந்நேரத்தில் மாடு படுத்துவிடாமல் தீனி போட்டு நிற்க வைப்பது காசு செலவில்லாத காப்பு. இத்தகைய அறிவை மாடு வைத்திருக்கும் பெண்களிடம் நேரே கொண்டுசெல்லும் பணியில் குரும்பாபேட்டு நிறுவனம் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பங்கு பெரிது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து மடியில் பூசும் மருத்துவத்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்தி, தேசியப் பால்வள வாரியத்தின் வழியே நாடெங்கும் பரப்பினர். எதிருயிர் மருந்துகளைக் குறைப்பதே அதன் நோக்கம். கண்டபடி எதிருயிர் மருந்து செலுத்திய மடியில், அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் உருவாகி மனிதரையும் எட்டும். இக்கவலையால்தான் மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் பயன்படுத்த இந்திய அரசு 2019இல் தடை விதித்தது.

நஞ்சில் தங்கும் கிருமிகளைப் பற்றிய தெளிவு புதுச்சேரியில் அண்மைக் காலத்தில் ஏற்பட்டதாகும். காக்சியெல்லா உண்டாக்கும் கியூ காய்ச்சல் 1930களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளரிடம் முதலில் அறியப்பட்டது; காய்ச்சல், தலைவலி, நுரையீரல் அழற்சி என்று எந்த நோய்க்கும் பொருந்தும் குறிகளே அதற்கும் இருப்பதால், தேடிச் சோதித்தாலன்றி அது தெரியாது. 2014ஐ அடுத்த ஆண்டுகளில் புதுச்சேரியின் மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வாளர்களும் கால்நடை மருத்துவ ஆய்வாளர்களும் சேர்ந்து, இப்பகுதி ஆடுகளின் குருதியில் அக்கிருமிக்கு எதிரான எதிர்பொருள்களைத் தேடி வெளியிட்டனர். பின்னர் புதுச்சேரியில் அறுக்கப்பட்ட ஓர் ஆட்டின் நஞ்சில் கிருமியின் டி.என்.ஏ. கண்டறியப்பட்டது. காய்ச்சலோடு வரும் நோயாளியையும் அவர் வளர்க்கும் விலங்கையும் ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்த இம்முயற்சிகள், 1823க்கும் 1994க்கும் இடையே விலகிக் கிடந்த இரு மருத்துவங்களையும் சேர்த்துவைத்தன.

கன்று வீச்சு நோய்க்கு எதிராக நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை இடப்படும் அம்மருந்தில் உயிருள்ள புரூசெல்லா உண்டு. ஊசிமுனை தவறிக் கையில் குத்தினாலோ துளி கண்ணில் தெறித்தாலோ அது மனிதருக்கே மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் தரக்கூடும். எனவே ஊசி இடும் பணியாளர் கையுறையும் கண்ணாடியும் அணிந்தே தொழுவத்துக்குள் செல்ல வேண்டும் என்பது விதி. அதே தொழுவத்தில், தடுப்பூசி பெறாத பசு கன்றை வீசும்போது அதே கிருமியைப் பன்மடங்கு மிகுதியாகத் தாங்கி வரும் கன்றையும் நஞ்சையும் கையில் ஏந்தும் வீட்டுப் பெண்ணுக்கும் அந்தக் கையுறை உரியது. கால்நடை மருந்தகங்கள் தடுப்பூசியோடு சேர்த்து அதையும் வழங்கினால் செலவு மிகச் சிறிதே ஆகும்.